பன்னிரண்டு அவுன்ஸ்

(நேரலை இலக்கியச் சந்திப்பு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

நடுவயதில் உடம்பையும் பார்வையையும் மாற்றும் புத்தகங்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். எனக்குப் பிடித்த பத்துப் புத்தகங்களைச் சொல்லிவிட்டுப் போய்விடலாம் என்று பட்டியல் போட உட்கார்ந்தேன். பாதிப் புத்தகங்களை நான் முழுதாக வாசித்ததே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. வாசித்த மீதிப் பாதியும் என்னிடம் எதையும் மாற்றவில்லை. ஆகவே பட்டியலை விட்டுவிட்டேன். ஒரே ஒரு பழைய புத்தகத்தைப் பற்றியும், அது யார் யார் கைக்குப் போனது என்பது பற்றியும் சொல்கிறேன்.

அதற்கு முன் என் கதை கொஞ்சம். நான் நர்ஸ். நாகர்கோவில் பக்கம் டிப்ளமோ படித்துவிட்டு இங்கிலாந்துக்கு வந்தவள். இங்கே நாற்பது வயதைத் தாண்டியவர்களை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பொதுப் பரிசோதனைக்குக் கூப்பிடுவார்கள். போனேன். எச்பிஏ1சி 44 என்று வந்தது. சதவீதக் கணக்கில் பார்க்கிற நாடுகளில் இருப்பவர்களுக்கு அது 6.2. இந்த ஊர்க் கணக்கில் 48 வந்தால் சர்க்கரை நோய். 42 முதல் 47 வரை வாசற்படி. வாசற்படியில் நிற்கிறேன் என்று சொல்லி, என்னைவிட வயதில் சின்ன நர்ஸ் ஒருத்தி ஒரு துண்டுப்பிரசுரம் தந்தாள். அதே துண்டுப்பிரசுரத்தை நான் எத்தனை பேருக்குக் கொடுத்திருப்பேன்! மடித்துக் கைப்பையில் வைத்தேன். இரண்டு மாதம் அங்கேயே கிடந்தது.

அந்த இரண்டு மாதத்துக்குள்தான் ஒரு சாரிட்டி கடையில் கொர்னாரோவின் புத்தகம் கிடைத்தது. மெலிந்த புத்தகம். அதை ஒரே இரவில் வாசித்தேன். துண்டுப்பிரசுரத்தில் இல்லாத எது இதில் இருக்கிறது என்ற கேள்வி அன்றைக்குப் பிடித்தது. இன்று பேசப்போவது அதைப் பற்றித்தான்.

அல்விஸே கொர்னாரோ இத்தாலியின் பதுவா நகரத்துக்காரர். வெனிஸின் பெரிய கொர்னாரோ பிரபு வம்சத்தில் தானும் ஒருவன் என்று நிரூபிக்கப் பார்த்து முடியாமல் போனவர். ஆனால் பணத்துக்குக் குறைவில்லை. சதுப்பு நிலங்களை வடித்து விளைநிலமாக்கிச் சம்பாதித்தார். பல்கோனெத்தோ என்ற கட்டடக் கலைஞரை வைத்து 1524இல் தன் வீட்டு முற்றத்தில் அவர் கட்டிய மேடை மண்டபம் இன்றும் பதுவாவில் நிற்கிறது. தின்த்தொரெத்தோ வரைந்த அவருடைய உருவப்படம் பிளாரன்ஸில் பித்தி மாளிகையில் இருக்கிறது.

இளமையில் தின்றும் குடித்தும் கெட்டவர் அவர். அதை அவரே எழுதியிருக்கிறார். முப்பத்தைந்து வயது தொடங்கி வயிற்று வலி, விலா வலி, மூட்டு வாதம், விட்டு விட்டு வரும் காய்ச்சல், தீராத தாகம். தீராத தாகம் என்று வாசித்த இடத்தில் நர்ஸ் புத்தி சும்மா இருக்குமா, பென்சிலால் ஒரு கோடு போட்டேன். நாற்பதை ஒட்டிய வயதில் வைத்தியர்கள் கையை விரித்துவிட்டார்கள். இனி அளவான, ஒழுங்கான வாழ்க்கை ஒன்றுதான் மருந்து, இல்லாவிட்டால் சில மாதங்கள்தான் என்றார்கள். இதையே அவர்கள் முன்பும் சொல்லியிருக்கிறார்கள். கேட்டுக்கொள்வதும், யாருக்கும் தெரியாமல் வழக்கம்போலச் சாப்பிடுவதுமாக இருந்தேன் என்று ஒத்துக்கொள்கிறார். இந்த முறை பயம் வந்தது.

பிறகு அவர் செய்த காரியம் எனக்குப் பிடித்தது. வாய்க்குப் பிடித்தது வயிற்றுக்கும் பிடிக்கும் என்று அந்த ஊரில் ஒரு பேச்சு உண்டாம். அது உண்மையா என்று ஒவ்வொன்றாகச் சாப்பிட்டுப் பார்த்தார். பன்றி இறைச்சி, முலாம்பழம், பச்சைக் கீரை, மாவுப் பலகாரங்கள், கடுப்பான ஒயின். நாக்குக்கு எல்லாம் ருசித்தன, வயிறு ஒத்துக்கொள்ளவில்லை. ஒத்துக்கொண்டதை மட்டும் வைத்துக்கொண்டார். ரொட்டி, முட்டை மஞ்சள் கரு, கொஞ்சம் இறைச்சி, சூப் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 12 அவுன்ஸ். குடிக்க 14 அவுன்ஸ் ஒயின். ஒரு வருடத்தில் நோய் எல்லாம் போய்விட்டது என்கிறார்.

12 அவுன்ஸ் என்றால் ஏறக்குறைய 340 கிராம். என் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன். சோறும் மீன் குழம்பும் அவியலுமாக என் மதியத் தட்டு ஒன்றே அந்தக் கணக்கைத் தாண்டிவிட்டது. அவருக்கு அது முழு நாளைக்கு! இதைக் கேட்டுவிட்டு யாரும் நாளைக் காலை தராசை எடுத்துவிட வேண்டாம். அந்த அளவு பெரும்பாலானவர்களுக்குப் போதாது. இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் திடீரென்று இப்படிக் குறைத்தால் மயங்கி விழுந்து எங்கள் வார்டுக்குத்தான் வருவார்கள். ஒயின் கணக்கும் அப்படியே. 14 அவுன்ஸ் என்பது சுமார் 400 மில்லி. இன்றைய 12 சதவீத ஒயின் என்று வைத்துக்கொண்டால், இங்கிலாந்து அரசு ஒரு வாரத்துக்குச் சொல்கிற 14 யூனிட் வரம்பை அவர் மூன்றே நாளில் தொட்டிருப்பார். மிதமான வாழ்வின் ஞானத்தந்தை அவர்!

1558இல் பதுவாவில் அவருடைய முதல் கட்டுரை அச்சாகிறது. அடுத்தடுத்து இன்னும் மூன்று எழுதினார். அதில் ஒரு சம்பவம் வருகிறது. எழுபத்தெட்டு வயதில், இவ்வளவு குறைவாகச் சாப்பிட்டால் எப்படி என்று உறவினரும் வைத்தியர்களும் நெருக்குகிறார்கள். சரி என்று உணவை 14, ஒயினை 16 அவுன்ஸாக ஏற்றுகிறார். பத்து நாளில் சிடுசிடுப்பும் மனச்சோர்வும் வந்துவிட்டன. பன்னிரண்டாம் நாள் விலாவில் வலி பிடித்து 22 மணி நேரம் விடவில்லை. பின்னாலேயே 35 நாள் காய்ச்சல். பழைய அளவுக்குத் திரும்பினார், பிழைத்தார். இரண்டு அவுன்ஸ் கூடியதற்கா இவ்வளவு? எனக்கு நம்பிக்கை இல்லை. வேறு ஏதோ தொற்று வந்திருக்கும். ஆனால் நாள் எண்ணி, மணி எண்ணிச் சொல்கிற அந்தக் குரல் இருக்கிறதே, நோயாளியின் கட்டிலருகே உட்கார்ந்து கேட்கிற குரல் அது.

அவர் சொன்ன வயதுகளையும் அப்படியே நம்ப முடியாது. 1566 மே மாதம் இறந்தார் என்பது தெரியும். பிறந்த ஆண்டுதான் தகராறு. பழைய புத்தகங்கள் 1464 என்றும் 1467 என்றும் போட்டு அவரைத் தொண்ணூற்றெட்டு ஆக்கின, நூறையும் தாண்ட வைத்தன. பின்னாள் ஆராய்ச்சி 1484 பக்கம் சாய்கிறது. அப்படியானால் இறக்கும்போது எண்பத்திரண்டு. எழுபத்தெட்டு என்று அவர் சொல்கிற வயதும் உண்மையில் அதைவிடக் குறைவு. எண்பத்திரண்டு பதினாறாம் நூற்றாண்டில் சின்ன வயதில்லை. அது போதாதென்று மனுஷர் கூட்டிச் சொல்லியிருக்கிறார். வயதைக் குறைத்துச் சொல்பவர்களைத்தான் எனக்குத் தெரியும்.

இன்னொன்றும் என்னை உறுத்தியது. கொர்னாரோவின் வீட்டில் அவருடைய ஆதரவில் இருந்த நாடகக்காரர் ஒருவர் உண்டு. ஆஞ்சலோ பெயோல்கோ, எல்லோரும் ருசாந்தே என்று அழைப்பார்கள். பதுவா கிராமத்து மக்களின் பேச்சிலேயே நாடகம் எழுதியவர். 1520களின் கடைசியில் அந்தப் பகுதியில் கடும் பஞ்சம். ருசாந்தேயின் நாடகத்தில் பசியால் புலம்பும் விவசாயிகள் மேடைக்கு வருகிறார்கள். ஒரே கூரையின் கீழ் ஒருவர் எவ்வளவு குறைவாகச் சாப்பிடலாம் என்று நிறுத்துப் பார்க்கிறார், இன்னொருவர் சாப்பிட எதுவும் இல்லாதவர்களைப் பேச வைக்கிறார். கொர்னாரோவின் கட்டுரையில் அந்த விவசாயிகள் வருவது நிலம் உழுகிறவர்களாகத்தான். அவருடைய 12 அவுன்ஸைச் சமைத்தது யார், நிறுத்து வைத்தது யார் என்பதும் இல்லை. வீட்டுப் பெண்களின் நடுவயது எப்படி இருந்தது என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. நாற்பத்தைந்து வயதில் ராத்திரி வியர்த்து எழுந்து உட்காருகிற எங்களுக்கு இந்தப் புத்தகத்தில் இடமே கிடையாது.

இத்தனை குறை இருந்தும் புத்தகம் பயணம் போனது. 1613இல் லூவேன் நகரத்து இயேசு சபைக் குரு லெசியுஸ், உடல்நலம் பற்றித் தான் எழுதிய லத்தீன் நூலோடு கொர்னாரோவையும் லத்தீனில் பெயர்த்துச் சேர்த்தார். அதன் வழியாக ஐரோப்பாவின் படித்தவர்கள் கைக்கெல்லாம் போனது. இங்கிலாந்தில் அது ஒரு கவிஞரின் கைக்கு வந்தது. ஜார்ஜ் ஹெர்பெர்ட்.

ஹெர்பெர்ட்டின் பாடல்கள் சில இன்றும் இங்கே ஆலயங்களில் பாடப்படுகின்றன. நானும் பாடியிருக்கிறேன், அவர் எழுதியது என்று தெரியாமலே. கேம்பிரிட்ஜில் பெரிய பதவியில் இருந்தவர், அதையெல்லாம் விட்டுவிட்டு 1630இல் சாலிஸ்பரி பக்கத்தில் பெமர்ட்டன் என்ற சின்னக் கிராமத்துக்குக் குருவாகப் போனார். நோஞ்சான் உடம்பு, காசநோய். அவர்தான் கொர்னாரோவை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். அந்த மொழிபெயர்ப்பு 1634இல் கேம்பிரிட்ஜில் அச்சாகி வெளிவந்தது. அவர் இறந்தது 1633 மார்ச் முதல் தேதி. நாற்பது வயது நிறைய ஒரு மாதம் இருந்தது.

நாற்பதில் மாறியதால் நீண்டகாலம் வாழ்ந்தேன் என்று ஒருவர் எழுதியதை, நாற்பதைப் பார்க்காமல் போகிற ஒருவர் உட்கார்ந்து மொழிபெயர்த்திருக்கிறார். எந்தச் சாப்பாட்டு அளவும் காசநோயை நிறுத்தியிருக்காது. காசநோயை உண்டாக்கும் கிருமியைக் கண்டுபிடிக்கவே 1882 ஆக வேண்டியிருந்தது. மிதமாக வாழ்ந்தும் சீக்கிரம் போகிறவர்களை நான் வார்டில் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய குடும்பத்தார் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: எங்கே தப்பு நடந்தது சிஸ்டர்? ஆரோக்கியப் புத்தகங்கள் எல்லாவற்றிலும் இந்தக் கொடுமை ஒளிந்திருக்கிறது. நோய் வந்தால் நீ ஏதோ தப்புச் செய்திருக்கிறாய் என்று அவை சொல்லாமல் சொல்கின்றன. பிற்காலத்தில் நீட்ஷேவும் கொர்னாரோவைப் பிடித்துக்கொண்டார். குறைவாகச் சாப்பிட்டதால் அவர் நீண்டகாலம் வாழவில்லை, அவருடைய உடம்பு குறைவாகக் கேட்கிற உடம்பு, அதனால்தான் குறைவாகச் சாப்பிட்டார் என்பது நீட்ஷேயின் வாதம். மதம் பற்றி அவர் சொன்ன எதையும் நான் ஏற்கமாட்டேன். இந்த வாதம் மட்டும் ஒரு நல்ல டாக்டர் கேட்கிற கேள்வி.

இனி ஜார்ஜ் செய்ன். இந்த வரிசையில் என் மனதுக்கு நெருக்கமானவர் இவர்தான். ஸ்காட்லாந்தில் பிறந்து, பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனுக்கு வந்த டாக்டர். நோயாளிகளைப் பிடிக்க வேண்டுமென்றால் மதுக்கடைகளில் பழக வேண்டும் என்று நினைத்தார். பழகினார், தின்றார், குடித்தார், பெருத்தார். உடம்பு படுத்தபோது கூடக் குடித்த சிநேகிதர்கள் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. அது அவரை வாட்டியது. பால், காய்கறி என்று மாறி இளைத்தார். குணமானார்.

குணமானதும் பழையபடி ஆரம்பித்துவிட்டார். இறைச்சி வந்தது, ஒயின் வந்தது. கடைசியில் எடை 32 ஸ்டோன், நம் கணக்கில் 200 கிலோவுக்கும் மேல். நூறு அடி நடக்க வேண்டுமென்றால் பின்னால் ஒரு வேலைக்காரன் உட்கார முக்காலி தூக்கிக்கொண்டு வர வேண்டும். ஊருக்கெல்லாம் மருந்து எழுதித் தருகிற டாக்டரின் நிலைமை இது. மறுபடியும் பாலுக்கும் காய்கறிக்கும் திரும்பி, பாத் நகரத்தில் வைத்தியம் பார்த்து, 1743 வரை வாழ்ந்தார். 1724இல் நீண்ட ஆயுளைப் பற்றிய அவருடைய புத்தகம் வந்தது. 1733இல் வந்த இன்னொரு புத்தகத்தில் தன் சொந்த நோய்க் கதையை, முக்காலி உட்பட, மறைக்காமல் எழுதினார்.

கொர்னாரோ மாறினார், மாறியபடியே இருந்தார். எனக்கு அப்படி யாரையும் தெரியாது. செய்ன் மாறினார், சறுக்கினார், வெட்கப்பட்டார், மறுபடி மாறினார். அப்படிப்பட்டவர்களைத்தான் எனக்குத் தெரியும். நாவலாசிரியர் சாமுவேல் ரிச்சர்ட்சன் அவருடைய நோயாளி. ஐம்பதை ஒட்டிய வயது, பருத்த உடம்பு, எந்நேரமும் அச்சகத்திலும் மேசையிலும் உட்கார்ந்தே வேலை. அவருக்கு செய்ன் வருடக்கணக்கில் கடிதம் எழுதினார். அதட்டுவார், கெஞ்சுவார், நான் உன்னைவிட மோசமாக இருந்தவன் என்பார். வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து மேலும் கீழும் குதிக்கிற மாதிரி ஸ்பிரிங் வைத்த நாற்காலி ஒன்று அந்தக் காலத்தில் உண்டு; அறைக் குதிரை என்று பெயர். அதை வாங்கிக் குதிக்கச் சொன்னார். இன்று நம்மில் பலர் வீட்டில் துணி காயப் போடுகிற டிரெட்மில்லுக்கு அதுதான் பாட்டி.

1724இல் வந்த செய்னின் புத்தகத்தை அந்த ஆண்டே வாசித்த மாணவர் ஒருவர் ஆக்ஸ்போர்டில் இருந்தார். வாசித்ததை அம்மாவுக்குக் கடிதத்தில் எழுதினார். அவர்தான் பின்னாளில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி. 1747இல், தன் நாற்பதுகளில், டாக்டருக்குக் கொடுக்கப் பணம் இல்லாதவர்களுக்காக ஒரு கைவைத்தியப் புத்தகம் போட்டார். விலை ஒரு ஷில்லிங். அவர் இருந்தபோதே இருபது பதிப்புகளுக்கு மேல் வந்தது. முன்னுரையில் செய்னிடம் கற்ற விதிகள் இருக்கின்றன: தண்ணீர் குடி, நட, சீக்கிரம் படு. படிப்பிலேயே இருப்பவர்களுக்கு இறைச்சி 8 அவுன்ஸ், காய்கறி வகை 12 அவுன்ஸ் ஒரு நாளைக்குப் போதும். பதுவா பணக்காரரின் தராசு ஏழைகளின் புத்தகத்துக்குள் வந்து சேர்ந்த இடம் இது. 12 போய் 20 ஆகிவிட்டது.

உள்ளே இருக்கிற வைத்தியமெல்லாம் நம்பத்தக்கது அல்ல. வழுக்கைக்கு வெங்காயத்தைச் சிவக்கச் சிவக்கத் தேய்த்து, பிறகு தேன் தடவச் சொல்கிறார். போன மாதம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப்பில் இதே வைத்தியம் வந்தது, சித்தர் பெயரில். ஆனால் பின்னால் வந்த பதிப்புகளில் சில மருந்துகளுக்குப் பக்கத்தில் ஒற்றைச் சொல்லாக, சோதித்துப் பார்த்தது என்று வெஸ்லி குறித்தார். அந்தச் சொல்லைப் பார்த்ததும் என் கேள்விக்குப் பதில் கிடைத்த மாதிரி இருந்தது. 12 அவுன்ஸோ 20 அவுன்ஸோ யாரையும் மாற்றவில்லை. நான் இந்த வயதில் இப்படிக் கெட்டேன், இதைச் செய்தேன், இப்படி ஆயிற்று என்று ஒரு ஆள் முன்னால் வந்து நின்றதுதான் மாற்றியது. என் கைப்பையில் கிடந்த துண்டுப்பிரசுரத்தில் எண்ணெல்லாம் சரி. செய்னுடையதையும் வெஸ்லியுடையதையும் விட நூறு மடங்கு சரி. அதில் ஆள் இல்லை.

நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். பெரிதாக ஒன்றும் இல்லை. தட்டில் சோற்றைப் பாதியாக்கினேன், மீனையும் கீரையையும் கூட்டினேன். நைட் டூட்டியில், நோயாளிகளின் வீட்டார் அன்போடு வைத்துவிட்டுப் போகிற பிஸ்கட் டின் பக்கம் போவதில்லை என்று லெந்து காலத்தில் தொடங்கி, ஈஸ்டருக்குப் பிறகும் தொடர்ந்தேன். ஆஸ்பத்திரிக்கு இரண்டு நிறுத்தம் முன்னாலேயே பஸ்ஸை விட்டு இறங்கினேன். ஆறு மாதத்தில் 44 என்பது 41 ஆனது. பிறகு டிசம்பர் வந்தது. வட்டாரத்தில் பாதி வீடுகளில் கேக், முறுக்கு, அச்சப்பம். ஊரிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த முந்திரிக்கொத்து வேறு. பிப்ரவரியில் 43.

அதே பிப்ரவரியில் யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் சர்க்கரை பரிசோதனைக்கு வந்திருந்தார். எண்ணைச் சொல்லிவிட்டு வழக்கம்போலத் துண்டுப்பிரசுரத்தை நீட்டினேன். வாங்காமல் என்னையே பார்த்தார்.

"பிள்ளை, நீங்கள் சோத்தை விட்டிட்டீங்களோ?"

"இல்லம்மா, விடல. பாதியாக்கினேன். 44லிருந்து 41 ஆச்சு. கிறிஸ்மஸ்ல அதுவும் போச்சு. இப்ப 43."

சிரித்துவிட்டார். எழுந்து போகத் தோளில் மாட்டியிருந்த பையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "அப்ப சரி, சொல்லுங்கோ" என்றார். அன்றைக்கு இருபது நிமிடம் பேசினோம். பத்து நிமிடத்துக்குள் முடிக்க வேண்டிய சந்திப்பு. வெளியே காத்திருந்தவர்கள் முறைத்தார்கள்.

கேள்விகள் இருந்தால் இப்போதே கேளுங்கள். எனக்கு இன்று நைட் டூட்டி, எட்டரைக்குப் பஸ்.